வெள்ளாயணிக் காயலில் வெள்ளம்

திருவனந்தபுரம்

சௌபாக்கியவதி சிவகாமிக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? அப்பா அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

எங்கள் மானேஜர் சபாநடேச முதலியார் தஞ்சாவூர்க்காரர். காவேரி மீனெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் நீந்துகிறது என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளாயணிக் காயலில் தூண்டில் போடக் கிளம்பி, குடை பிடிக்க என்னையும் இழுத்துப் போனார். கலங்கலும் தெளிவும் சேரும் இடத்தில்தான் மீன் மேயுமாம். அந்தக் கோட்டின் மேலேயே தோணி நிற்க வேண்டும் என்று முன்னும் பின்னும் தள்ளச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே சேறாக்கினார் இந்த மேதாவி.

அப்போது தோணிக்காரன், "ஏமானே, வெள்ளம் கேறுன்னு" என்றான். இங்கே தண்ணீரைத்தான் வெள்ளம் என்பார்கள்; கேறுவதென்றால் ஏறுவது. தோணிக்குள் ஒரு கை நீர் கசிந்திருந்தது, அவ்வளவுதான். இவரோ ஆற்று வெள்ளம் வருகிறதென்று துள்ளி எழுந்து தோணியைக் கவிழ்த்தார். இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, "ஐயோ, அடிச்சுக்கிட்டுப் போகுதே" என்று அலறினார்.

எனக்கு ஒன்றுமில்லை. செருப்புதான் போயிற்று. யாராவது வந்தால் பழைய ஜோடியைக் கொடுத்தனுப்பு.

தபால் கட்டுகிறார்கள். நம் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று எழுது. இங்கே தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்ல அந்த மனுஷனை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை.

ஆறுமுகநயினார்