அப்பாவின் கன்னத்துக்கு ஒரு மாவு

அப்பா,

இன்றைக்குக் காலையில் தம்பி முதல் முறையாக ஷேவ் பண்ணினான். மழிப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது இரண்டு கன்னமும் தக்காளியாக இருந்தன. அம்மா உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்து, "உங்களை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்" என்றாள். தோலையும் சேர்த்து என்றேன் நான். படத்தின் மாலைக்குள்ளிருந்து நீங்கள் தாடி இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த முகம் என் தயாரிப்பு என்பதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் பத்தாவது வரும்வரை உங்களைத் தாடியோடுதான் பார்த்திருக்கிறேன். சோப்பு பட்டால் உங்கள் முகம் தடித்துவிடும், அதன்மேல் பிளேடு பட்டால் எரியும். ஃபேக்டரியில் தாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர்கள் வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பி, நீங்கள் மாதக்கணக்கில் தொம்மலூர் வீட்டில் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த பிறகுதான் வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அங்கே தினமும் மழித்த முகத்தோடு நிற்க வேண்டும். ஒரே வாரத்தில் உங்கள் கன்னம் புண்ணாகிவிட்டது. ஷேவ் பண்ணாமல் போனதற்கு, திங்கட்கிழமை ஒழுங்காக வரவில்லை என்றால் வரவே வேண்டாம் என்று மேலதிகாரி சொல்லி அனுப்பினார். இதை எங்களிடம் சொல்லிவிட்டு நீங்கள் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். அம்மா உள்ளே போய்விட்டாள்.

"உங்களுக்கு சோப்பு போட்டுக்கவும் முடியாது, அடுத்தவங்களுக்குப் போடவும் வராது. எப்படிப்பா பொழைப்பீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே உன்னைப் பெத்தது."

அன்றிலிருந்து நான் விஞ்ஞானி, நீங்கள் எலி.

சோப்புக்குப் பதிலாகக் கடலை மாவில் ஆரம்பித்தேன். முகம் காய்ந்து இழுத்ததில், சிரித்தால் விரிசல் விடும் என்று பயந்து அன்று முழுக்க எல்லோரையும் முறைத்தீர்கள். ஆரஞ்சுத் தோல் பொடி எரிந்தது. கஸ்தூரி மஞ்சள் போட்டபோது, அப்பாவுக்கு மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடித்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டு அடி வாங்கினேன். அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. எதைச் சேர்ப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எதை எடுப்பது என்று யோசித்தேன். கடைசியில் பச்சைப்பயறும், நிழலில் உலர்த்திய பன்னீர் ரோஜாவும், ஒரு பிடி ஓட்ஸும்தான் மிஞ்சின. மிக்ஸியில் அரைத்துப் பாலில் குழைத்து உங்கள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்தோம். சிவக்கவே இல்லை. ஆனால் நம் மிக்ஸி அரைத்தது கொரகொரவென்று இருந்தது, மழித்த கன்னத்தில் உப்புத்தாள் மாதிரி உரசும். மில்லில் கொடுத்தால்தான் நைசாக வரும். சனிக்கிழமை நீங்களே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள்.

ஞாயிறு காலை ஒத்திகை. இருந்த ஒரு செம்புத் தண்ணீரிலேயே ஷேவ் முடித்து, மில் மாவைக் குழைத்துப் பூசினீர்கள். முதலில் தும்மினீர்கள். பிறகு குதித்தீர்கள். குழாயில் அன்று தண்ணீர் வருகிற நாள் இல்லை. அம்மா தயிர்ப் பாத்திரத்தை அப்படியே உங்கள் முகத்தில் கவிழ்த்தாள்.

நான் மாவை முகர்ந்து பார்த்து உங்களைவிடப் பலமாகத் தும்மினேன். "மில்லுல உங்களுக்கு முன்னாடி யாருப்பா அரைச்சது?"

தயிர் வழிய யோசித்துச் சொன்னீர்கள். உங்கள் முறை வந்திருக்கிறது. பின்னால் ஒரு அம்மா, பிள்ளை ஸ்கூலிலிருந்து வந்துவிடும் என்று தவித்திருக்கிறார். "பரவாகில்லம்மா, நீவு மொதலு" என்று கன்னடத்தில் வழி விட்டிருக்கிறீர்கள். அவர் பையில் இருந்தது காய்ந்த மிளகாய். மிளகாய் போன மெஷினில் உடனே எதையும் அரைக்கக் கூடாது என்பது மில்லுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும், உங்களைத் தவிர.

"பாவம்டீ, அவங்களுக்கு அவசரம்" என்றீர்கள், தயிருக்குள்ளிருந்து. அந்த வாரத்தில் அம்மா முதல் முறையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மில் விடுமுறை. மிச்சமிருந்த பயறை மறுபடி மிக்ஸியில் போட்டு, அம்மாவின் பழைய மெல்லிய பருத்திப் புடவையில் சலித்தோம். நீங்கள் ஒரு முனை, நான் ஒரு முனை. சலித்ததையே மறுபடி அரைத்து, மறுபடி சலித்து, மாலைக்குள் நாம் இரண்டு பேரும் வெள்ளைப் பேய்கள். திங்கட்கிழமை காலை ஷேவ் பண்ணி, அந்த மாவில் முகம் கழுவினீர்கள். எரியவில்லை. முந்தின நாள் சிவப்பு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "மாவீரரே, போய் வாரும்" என்று வாசலில் வழியனுப்பினேன்.

சாயங்காலம் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள். முகத்துக்கு என்ன ஆயிற்று என்று மேலதிகாரி கேட்டாராம். மில், மிளகாய், தயிர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னீர்களாம். அவர் சிரித்ததில் வாயிலிருந்த டீ மேஜையில் சிந்தியதாம்.

"வேலை?" என்றாள் அம்மா.

"நாளைக்கும் ஷேவ் பண்ணணும்."

கடைசி வரைக்கும் அந்தக் கம்பெனி கேட்டில், அந்த முகத்தோடுதான் நின்றீர்கள். மாவு தீர்ந்தால் பையை என்னிடம்தான் கொடுப்பீர்கள், அம்மாவின் உத்தரவு அப்படி.

எனக்கு உங்கள் தோல் வரவில்லை, தப்பித்தேன். ஆனால் மில் வரிசையில் பின்னால் யாராவது நெளிந்தால் என் கால் தானாக ஒதுங்குகிறது. பையில் என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மிளகாய் என்றால், பரவாயில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டு, அதற்கு அடுத்த கோதுமைக்காரரையும் மரியாதையாக முன்னால் அனுப்பிவிடுகிறேன். அவர் வீட்டுச் சப்பாத்தி அன்றைக்குக் கொஞ்சம் உறைக்கும். வழி விடுவது உங்களிடமிருந்து வந்தது அப்பா. மிச்சம் என்னுடையது.