தீவில் எண்ணிய இருபது விரல்கள்

அன்றைக்குக் குழாயடியில் யார் யார் நின்றார்கள் என்று இப்போது கேட்டாலும் நிற்காமல் சொல்வேன். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் தண்டல் வீராசாமி, என் கூடப் பிறந்த அண்ணன். அவன் பெண்டாட்டி ராக்கம்மா. கோவில் பூசாரி மாரிமுத்து. கடைசி லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் கிழவி அங்காயி. தோட்டத்து மருந்துக் கொட்டகை டிரஸர் ஐயா. இடுப்பில் பிள்ளையோடு நான். என் பக்கத்தில், ரயில் புழுதியைக்கூடக் கழுவாமல், என் சிநேகிதி நீ.

நேற்று இதெல்லாம் கிளம்பி வந்ததற்குக் காரணம் என் பேத்தி. சிங்கப்பூரில் வேலை, தம்போயில் என் வீட்டில் தூக்கம் என்று ஓடுகிறவள், லீவுக்குப் பினாங்கு போனாள். அங்கிருந்து கைப்பேசியில் முகம் காட்டிப் பேசினாள். பின்னால் இடிந்த சுவர், சுவரைப் பிளந்துகொண்டு ஒரு மரம். அதன் கீழே உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் தின்கிறாள்.

"பாட்டி, ஜெரஜாக் தீவு லா இது. தாத்தா இருந்த ஜெயிலு இதானே? இப்ப எல்லாம் காடு. காலையில ஆளுங்க ஹைக்கிங் வர்றாங்க."

"நல்லா சாப்புடு. இன்னொரு பொட்டலம் வாங்கித் தின்னு" என்றேன். பேசி முடித்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீ கண்ணை மூடி மூன்று மாதம். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் நீ சிரிப்பாய், சிரி.

சிகாமட் டவுனுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மலாயில் ஒரு காகிதம் வந்தது. எனக்கு மலாய் படிக்கத் தெரியாது. அண்ணன்தான் படித்தான். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஜெரஜாக் தீவுக்குக் கொண்டு போயிட்டாங்க" என்றான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

தோட்டத்துக் கிழடுகளுக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. ஊரிலிருந்து கப்பலில் வந்தபோது அவர்களைக் கரையில் விடுவதற்கு முன்னால் நோய் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். அதே தீவில் பெருவியாதிக்காரர்களின் முகாமையும் பார்த்திருந்தார்கள். அவர்களுக்கு ஜெரஜாக் என்றால் குஷ்டம், போனவர் திரும்பாத இடம். அந்த முகாம் எப்போதோ போய், அங்கே ஜெயில் வந்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் முதுகில் வெளுத்த தழும்பு ஒன்று இருந்தது. அதுவும் அந்த வியாதிதானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மறுநாளே நான் குழாயில் குடம் வைத்ததும் ராக்கம்மா தன் குடத்தைத் தூக்கிக்கொண்டாள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் என் பிள்ளைக்கு இடமில்லை என்றார்கள். "தீவுக்குப் போனவனுக்கு உசுரோடயே காரியம் பண்ணிரணும். இல்லாட்டி லயத்தையே புடிச்சிக்கும்" என்றாள் அங்காயி. பூசாரி நாள் குறித்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தாலியை அறுப்பது, சாயங்காலம் பிள்ளையோடு என்னைத் தோட்டத்தை விட்டு அனுப்புவது. அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான்.

நான் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து நீ வந்தாய். என் பானையில் ஒரு செம்பு மொண்டு குடித்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாய்.

"ஏ புள்ள, உன் புருஷனுக்கு வியாதின்னு கண்ணால பாத்தவங்க யாரு?"

"யாருமில்ல."

"அப்ப நாம போயிப் பாப்போம். அழுறத அப்புறம் அழு, இப்ப எந்திரி."

உன் வீட்டுக்காரரிடம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு நேர்ச்சை என்று சொன்னாய். பொய் பொய்யாகிவிடக் கூடாது என்று போகும் வழியில் இறங்கி, என்னையும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வைத்தாய். "உங்க மாரியம்மா கோவிச்சுக்க மாட்டா. நான் பேசிக்கிறேன்" என்றாய். சிகாமட்டைத் தாண்டாத இரண்டு பேர், ஒரு கைப்பிள்ளை. எப்படித்தான் போய்ச் சேர்ந்தோமோ.

படகுத் துறையில் ஒரு தமிழர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். தீவு ஆஸ்பத்திரிக்குப் போகிற படகு எது என்று கேட்டாய்.

"ஆஸ்பத்திரியா? அதெல்லாம் அந்தக் காலம்மா. இப்ப அங்க இருக்கறது ஜெயிலு."

"ஜெயிலா? நல்லாத் தெரியுமா அண்ணே?"

"தினம் சாமான் ஏத்திட்டுப் போறேன், தெரியாதா?"

நீ என்னைக் கட்டிக்கொண்டாய். ஜெயில் என்ற சொல்லைக் கேட்டுச் சந்தோஷத்தில் அழுத பெண்களை அந்த மனிதர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார். எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்துத் தள்ளி நின்றுகொண்டார்.

அடையாளக் கார்டைக் காட்டி, காத்துக் கிடந்து, பார்ப்பதற்கான சீட்டு வாங்கினோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் வந்தார். இளைத்திருந்தார். டவுனில் சீட்டாடிய இடத்தில் ரவுடிக் கும்பல்காரர்களோடு சேர்த்து இவரையும் பிடித்திருக்கிறார்கள். வழக்கும் இல்லை, கோர்ட்டும் இல்லை, இரண்டு வருடம் தீவில் இரு என்று உத்தரவு. அவர் யோக்கியர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சீட்டாடினார், அது உண்மை. ஆனால் நீ அதையெல்லாம் கேட்கவே விடவில்லை.

"அண்ணே, கதை அப்புறம். மொதல்ல கையை விரிங்க." நான் எண்ணினேன், பத்து. "சிலிப்பரைக் கழட்டுங்க."

"என்ன புள்ளைங்களா, மாடு புடிக்க வந்த மாதிரி பாக்குறீங்க?"

"அந்த முதுகுத் தழும்பு?"

"சின்ன வயசுல கஞ்சி கொட்டுனது. ஏன், இப்பத்தான் தெரியுதா அவளுக்கு?"

காவலுக்கு நின்ற வார்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். காலிலும் பத்து இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக்குள் நுழைகிறோம், குழாயடியில் பூசாரி தட்டோடு தயாராக நிற்கிறார். நீ அவரைப் பார்க்கவே இல்லை. நேராக மருந்துக் கொட்டகைக்குப் போய் டிரஸர் ஐயாவைக் கூட்டி வந்து ஜெயில் சீட்டைக் கையில் கொடுத்தாய்.

"சத்தமா படிங்க ஐயா."

"ஜெயிலுக்குப் பாக்கப் போன சீட்டு இது. வியாதிக்காரன அங்க வச்சிருக்கறதா எங்கயும் இல்ல." ஐயா நிமிர்ந்தார். "மொதல்ல ஒரு காகிதம் வந்துச்சுன்னாங்களே, அது எங்க?"

அண்ணனின் கை தன் சட்டைப் பைக்குப் போனது. நீ கையை நீட்டினாய், அவன் கொடுக்கும்வரை மடக்கவில்லை. ஐயா அதைப் படித்தார். அதிலும் ஜெயில்தான், இரண்டு வருடம்தான்.

"வீராசாமி, உனக்கு மலாய் நல்லாத் தெரியுமேப்பா."

அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "கும்பல்காரன் மச்சான்னு தெரிஞ்சா மேனேஜர் என் வேலையைப் புடுங்கிருவாரு. வியாதின்னா பாவம்னுதான் சொல்லுவாங்க."

டிரஸர் ஐயா என் வீட்டுக் குடத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்து ஒரு குவளை வாங்கி, எல்லாரும் பார்க்கக் குடித்தார். பூசாரி தட்டை மூடினார். அங்காயிக் கிழவி தன் செம்பை நீட்டி, "எனக்கும் ஊத்துடி, வெயில் கொளுத்துது" என்றாள். நான் விளிம்பு வரை ஊற்றினேன். தாலி என் கழுத்தில் இருந்தது, நான் என் வீட்டில் இருந்தேன்.

இரண்டு வருடத்தில் அவர் வந்தார். அதன் பிறகு சீட்டுக்கட்டைத் தொடவே இல்லை என்று சொன்னார். நீயும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. முப்பது வருடம் இருந்து, மூன்று பிள்ளைகளைக் கரை சேர்த்து, தம்போயில் சொந்த வீட்டில், என் மடியில் கண்ணை மூடினார். அவரை அடைத்து வைத்த சுவர் விழுந்துவிட்டது. அவர் பேத்தி அங்கே உட்கார்ந்து ஏப்பம் விடுகிறாள்.

முழங்கால் பிடித்துக்கொண்டு விடிகிற நாட்களில் இப்போதும் உன் குரல்தான் கேட்கிறது. இப்ப எந்திரி. எழுந்துவிடுகிறேன்.

"விட்டுரு புள்ள, எல்லாரையும் விட்டுரு" என்று கடைசிவரை சொன்னாய். விட்டேன். அங்காயி அறியாதவள், விட்டேன். பூசாரிக்கு அது தொழில், விட்டேன். ராக்கம்மா தன் பிள்ளைகளுக்காகப் பயந்தாள், அவளையும் விட்டேன். அந்த நாலுபேரில் படிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். படித்துவிட்டு, தங்கச்சி கழுத்துத் தாலிக்கு நாள் குறிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன். அவன் சாவுக்கும் நான் போகவில்லை. நீ அங்கே பார்த்தால் சொல், இன்னும் மன்னிக்கவில்லை என்று. என் கூடப் பிறந்த வீராசாமியை.