கவுண்டரில் கொடுத்த மாத்திரை

ஜனவரி 16, வெள்ளி

தை அமாவாசைக்கு இன்னும் இரண்டே நாள். லாட்ஜில் ஓர் அறைகூட மிச்சமில்லை. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் தும்மிக்கொண்டேதான் படியேறுகிறார்கள். இன்று மட்டும் பதினோரு பேருக்கு மாத்திரை கொடுத்தேன். அவர்கள் கேட்கவே வேண்டாம், மூக்கை உறிஞ்சினால் போதும், டப்பாவைத் திறந்துவிடுவேன். அட்டையை ஒற்றை ஒற்றையாகக் கத்தரித்து வைத்திருப்பதால் வேலை சுளுவு. சென்னைக்காரர் ஒருவர் கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘ரிசப்ஷன் அக்கா மாத்திரையும் வெந்நீரும் தந்து கவனித்தார்’ என்று எழுதியிருக்கிறார். முதலாளி பூமிநாதன் அண்ணன் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஜனவரி 17, சனி

சிக்கல் ஊரிலிருந்து வீரையா என்றொரு பெரியவர், மகள் உமையாளோடு வந்திருக்கிறார். எழுபது இருக்கும். நாளைக் காலை அக்னி தீர்த்தத்தில் மனைவிக்குத் திதி கொடுக்க வேண்டுமாம். நாளைய கூட்டத்தில் முடியாதென்று தீர்த்தமாடுவதை இன்றே முடித்துவிட்டார்கள். மனுஷனுக்கு மூக்கு ஒழுகி, குரலே அடைத்துவிட்டது. மத்தியானம் ஒரு பச்சை மாத்திரை கொடுத்தேன். ஐந்து மணிக்கு நான் வீட்டுக்குக் கிளம்பும்போது ராத்திரிக்கென்று இன்னொன்று. “நல்லாருப்ப தாயி” என்றார்.

ஜனவரி 18, ஞாயிறு, காலை 9

கவுண்டரில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

ஆறரைக்கு வந்தபோது பெரியவர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. “வாயுத் தொல்லதான்க்கா, சோடா வாங்கிட்டு வாரேன்” என்று உமையாள் கீழே ஓடினாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் நீட்டிய தண்ணீரை அவர் தள்ளிவிட்டார். எனக்குப் பொறி தட்டியது. கூச்சப்படுகிற பிறவி நான் இல்லை.

“ஐயா, ஒண்ணுக்குப் போனீகளா?”

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நேத்து ராத்திரியில இருந்து வரல தாயி. முட்டிக்கிட்டு நிக்கிது. பொம்பளப் புள்ளட்ட இத எப்படிச் சொல்ல?”

தொட்டுப் பார்த்தேன், அடிவயிறு கல் கணக்காக இருந்தது. ஆட்டோ பிடித்து இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். உமையாள் செருப்புகூடப் போடவில்லை.

எட்டரைக்கு அவளிடமிருந்து போன். “அக்கா, அய்யா என்ன மாத்திரை போட்டாருன்னு டாக்டரம்மா கேக்காங்க. பிரஷரு இருநூறுக்கு மேலயாம். நீங்க குடுத்தீகல்ல, அந்தப் பச்ச மாத்திர, அது பேரு என்னக்கா?”

பூமிநாதன் அண்ணன் பக்கத்திலேயே நின்று, சொல்லாதே என்று தலையை ஆட்டினார்.

“தெரியலையேம்மா... சும்மா சளி மாத்திரதான்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொய். டப்பாவில் இருப்பதெல்லாம் வெட்டின துண்டு, ஒன்றிலும் பெயர் முழுதாக இல்லை, அது நிஜம். ஆனால் இழுப்பறையில் வெட்டாத அட்டை ஒன்று கிடக்கிறதே!

“ஆஸ்பத்திரில நம்ம குடுத்தம்னு எழுதிட்டாய்ங்கன்னா லாட்ஜுக்குப் பூட்டுத்தான், லட்சுமி. வயசான ஆளு, வேற என்னத்தத் தின்னாரோ” என்கிறார் அண்ணன். பதினாலு வருஷமாகச் சோறு போட்ட இடம். சின்ன மகளின் நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கு.

அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆயிட்டா?

10.20

போறேன். வேலை போனாப் போகுது.

மாலை 4

அட்டையைக் கொண்டுபோய் டாக்டரம்மா கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டு, உமையாளின் கைப்பையைக் கொட்டச் சொன்னார். உள்ளே இன்னொரு அட்டை. உமையாளுக்கு சைனஸ், அவள் எப்போதும் போடுகிற மாத்திரை. அப்பாவுக்குச் சீக்கிரம் கேட்கட்டும் என்று மத்தியானம் ஒன்றும் ராத்திரி ஒன்றும் அவளும் கொடுத்திருக்கிறாள். நான் கொடுத்தது அவளுக்குத் தெரியும். அது வேறு, இது வேறு என்று நினைத்தாளாம். நானும் அப்படித்தானே நினைத்திருப்பேன்!

இரண்டு அட்டையையும் என் முன்னால் வைத்து, “பின்பக்கத்தை வாசிங்க” என்றார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின். இதிலும் அதே மூன்று, அதிலும் அதே மூன்று.

“பேரும் கலரும்தான் வேற. அவர் ஒரே மருந்தை ரெண்டு மடங்கு சாப்பிட்டிருக்கார். இதுல ஃபினைலெஃப்ரின் பிரஷரை ஏத்தும். குளோர்ஃபெனிரமின், ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிறவங்களுக்கு நீரை அடைக்கும். ரெண்டும் சேந்தா இன்னும் மோசம். இவருக்கு பிரஷரும் இருக்கு, வீக்கமும் இருக்கு. மாத்திரை குடுக்கும்போது கேட்டீங்களா?”

“கேக்கல.”

“லாட்ஜ் நடத்துறீங்களா, மெடிக்கல் ஷாப் நடத்துறீங்களா?”

அட்டையை மறுபடி திருப்பிப் பார்த்தேன்.

டியூப் போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்களாம். வலி நின்றுவிட்டது, பிரஷர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டே, “அமாவாச போயிருச்சே... அவளுக்கு ஒரு கை எள்ளுந்தண்ணி விடலியே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உமையாள் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். “போன்லயே சொல்லிருக்கலாம்லக்கா. ரெண்டு மணி நேரம்...” அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜனவரி 19, திங்கள்

நான்கு தடவை கூப்பிட்டேன். உமையாள் எடுக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

“இனிமே வரவேண்டாம்” என்று சொல்லி, இந்த மாதச் சம்பளத்தைக் கவரில் போட்டு நீட்டினார் பூமிநாதன் அண்ணன். முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து எங்கள் மருந்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். சளிக்கு மட்டும் மூன்று அட்டை. நாற்பத்தாறு வயதில் இப்போதுதான் அட்டையின் பின்பக்கத்தை உட்கார்ந்து படிக்கிறேன். மூன்றிலும் பாராசிட்டமால். காய்ச்சலுக்கென்று தனியாக வைத்திருப்பதிலும் அதுவேதான். போன மழைக்குச் சின்னவளுக்கு இதையும் அதையும் சேர்த்துத்தானே கொடுத்தேன்? அடிப்பாவி!

ஜனவரி 21, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். ஓடிப்போய் நர்ஸிடம் கேட்டேன். பிரஷர் இறங்கிவிட்டது, டியூப்போடு ஊருக்கு அனுப்பிவிட்டோம், சனிக்கிழமை எடுத்துப் பார்ப்பார்கள் என்றார் நர்ஸ். எடுத்தபிறகு தானாகப் போகாவிட்டால்? “மறுபடி டியூப்புத்தான். அப்புறம் ஆபரேஷன்கூட ஆகலாம்.”

ஜனவரி 23, வெள்ளி

தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை.

ஜனவரி 24, சனி

மத்தியானம் இரண்டு மணிக்கு உமையாளின் நம்பர். எடுக்கவே பயம். எடுத்தால் பெரியவரின் குரல்.

“தாயி, காலைல டியூப்ப எடுத்தாக. இப்பத் தானாப் போயிருச்சு.”

அடுப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். மாசி அமாவாசைக்கு வருகிறாராம். மனைவிக்கு விட்டுப்போன திதியைக் கொடுத்துவிட வேண்டுமாம். கீழ்த்தளத்தில் ஒரு ரூம் போட்டு வைக்கச் சொன்னார்.

“லாட்ஜுல இப்ப நான் இல்ல ஐயா” என்றேன்.

மகளிடம் ஏதோ கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை.

“அப்ப உன் வீடு எங்கன இருக்கு?”

“அக்காள்மடம். ரோட்டு மேலயே. உமையாளையும் கூட்டிட்டு வாங்க.”

“வாரோம். கக்கூசு பக்கத்துல இருக்கா தாயி?”

“பத்தடிதான் ஐயா” என்றேன்.