கார் சாவி என்னிடம் இருக்கிறது

நாகராஜ்,

சாவியைத் தேடாதே. என் சட்டைப் பையில் இருக்கிறது. ஹட் பே தீவிலிருந்து கப்பலில் வரும் மாப்பிள்ளை வீட்டாரை அழைக்க டவுன் பஸ்ஸில் போகிறேன். ஆட்டோவில் கூட்டி வருவேன்.

நேற்று இறக்கத்தில் கார் கீச்சிட்டபோது, "புது பிரேக் பேட் அப்படித்தான் கத்தும்பா, ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்றாய். காலையில் முன் இடது சக்கரத்துக்குள் விரல் வைத்துப் பார்த்தேன். பிரேக் ஆயில் ஒழுகி, நீ மாட்டிய பேட் முழுக்க நனைந்திருக்கிறது. பெடல் தரைவரை இறங்குகிறது. புது செம்பு வாஷர் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும்வரை உனக்குப் பொறுமையில்லை. ஆயில் குழாய் மூட்டில் பழையதையே திரும்பப் போட்டிருக்கிறாய். அந்தக் காரில்தான் உன் தங்கையை உட்கார வைத்தாய். கல்யாணப் பெண் அவள்.

ஆயிலை ஊற்றி நிரப்பி, ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதே. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல். அவர் வேலை பார்க்கும்போது நீ பாடம் நடத்தாதே.

கிரீஸ் கையோடு விருந்தாளிகள் முன்னால் வராதே. வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறது.

அப்பா

இடியாப்பம் மூடி வைத்திருக்கிறது. உன் அம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

கார் எங்கே என்று அவர்கள் கேட்டால், பிரேக்கைக் கழற்றிக் கெடுத்தது நான்தான் என்று சொல்வேன். பெண்ணின் அண்ணன் விவரம் கெட்டவன் என்பதைவிட, கிழவனுக்கு வேண்டாத வேலை என்று பேசிக்கொள்ளட்டும். நீ மாற்றிச் சொல்லி என்னைப் பொய்யனாக்காதே.