பைலட் இல்லாத விமானம்

என் ஆசை அண்ணாவுக்கு,

"நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்துவிட்டு அதை அடித்தேன். எத்தனை வருஷப் பழக்கம்! நீ பஞ்சாபில் இருந்தபோது மாசம் இரண்டு இன்லண்டு லெட்டர் போட்டவள் நான். பசை தடவும் மடிப்பில்கூட இடம் விடாமல் எழுதுவேன். இந்தக் கடிதத்தை மடிக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். ஊரே படித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன பயம்?

நீ போய் நாளையோடு ஒரு வருஷம். அத்தனை வருஷம் போர் விமானங்களுக்கு அடியில் கிடந்தவனுக்கு உடம்பில் ஒரு கீறல் விழவில்லை. லீவில் வந்த இடத்தில் மஞ்சள் காமாலை வந்து பத்து நாளில் கொண்டுபோய்விட்டது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

முதலில் வீட்டு விஷயம். அண்ணி டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டார். உன் மகள் செல்வி ஒன்றாம் வகுப்பு போகிறாள். பேச்சில் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள். அம்மா இன்னும் சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள், சொன்னால் கேட்டால்தானே? உன் பொம்மை விமானம் என் வீட்டுப் பீரோவின் மேல் பத்திரமாக இருக்கிறது. போன வாரம் அதை வைத்து ஒரு சண்டை நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்.

அம்மா உனக்குப் பெண் பார்த்தது கண்ணமங்கலத்தில். "பையன் ஏர்போர்ஸ்" என்று புரோக்கர் சொன்னதும் பெண்ணின் அப்பா, "பிளேன் ஓட்றாரா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, அதேதான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மாப்பிள்ளை பைலட் என்ற சேதி பஸ் நிறுத்தத்தில் கிளம்பி அவர்கள் கழனி வரைக்கும் போய்விட்டது. நீ சக்கரமும் பிரேக்கும் பார்க்கிற மெக்கானிக். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாய்.

"இன்னாம்மா இது? எவனோ ஒருத்தன் சட்டைய எனக்கு மாட்டி வுட்டுட்டியே!"

"கல்யாணம் ஆவட்டும், அப்பறமா மெதுவா சொல்லிக்கலாம். அவ இன்னா உன் ஆபீசுக்கு வந்தா பாக்கப்போறா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அண்ணா, அன்று நான் அம்மா பக்கம். உனக்கு முடிந்தால்தான் எனக்கு என்று என் ஜாதகம் இரண்டு வருஷமாகப் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. போதாததற்குப் பெண் பார்க்கப் போன அன்றே விஜயா அண்ணியை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு வார்த்தைப் பொய்க்காக அவ்வளவையும் கைவிடுவதா என்று இருந்தது.

நீயோ பெங்களூரில் வாங்கி வந்த அட்டைப்பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தாய். உள்ளே ஒட்டிக் கட்டுகிற பொம்மை ஹன்டர் போர்விமானம், நீ பஞ்சாபில் வேலை பார்த்த அதே ரகம். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் கொத்துக்கொத்தாய்க் காய்த்திருந்தன. "இத கட்டி எடுத்துக்கினு போய், நான் இன்னா வேலை பாக்கறேன்னு அவருக்குக் காட்டப்போறேன். அப்பறம் பொண்ணு குடுத்தா குடுக்கட்டும், இல்லாங்காட்டி போவட்டும்" என்றாய்.

என்ன கோபமாக இருந்தாலும் அந்தத் துண்டுகளைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. நூல் வெட்டும் கத்திரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீ எண் சொல்லச் சொல்ல நான் வெட்டிக் கொடுத்தேன். நீ பிளேடால் விளிம்பைச் சுரண்டி, பசை தொட்டு, இரண்டு பாதியையும் சேர்த்து நூலால் கட்டி வைத்தாய். முடிச்சு மட்டும் என் வேலை. தறியில் அறுந்த பட்டு இழைக்கு முடிச்சு போடுகிறவளிடம் முடிச்சில் போட்டிக்கு வர முடியுமா?

நாலாம் நாள் இறக்கைகள் காய்ந்தன. மேல்பக்கம் பச்சையும் சாம்பலும் அடிக்க வேண்டும், பெயிண்டு வாங்க வேலூர் போகவேண்டும் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சாயக்காரன் வீட்டில் பிறந்துவிட்டு நிறம் வாங்க வேலூர் போகிறானாம்! நீ முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து இரண்டு இறக்கைகளையும் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அண்டாவில் கிளிப்பச்சைச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. பட்டு நூலை முக்குவதுபோலவே கோலில் மாட்டி உள்ளே விட்டேன்.

எடுத்துப் பார்த்தால் நிறமும் ஏறவில்லை, இறக்கையும் இறக்கையாக இல்லை. சுட்ட அப்பளம் மாதிரி நெளிந்து நின்றது. நீ வந்தாய், பார்த்தாய். அடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

"ஏன்டி மல்லிகா, பிளாஸ்டிக்க இன்னா பட்டுப்பூச்சியா போட்டுச்சு, சாயம் குடிக்க?"

அவ்வளவுதான் கேட்டாய். பிறகு ஜல்தியாக வெந்நீர் வைக்கச் சொன்னாய். இறக்கையை மறுபடி இளக்கி, பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து பழைய ஜக்கார்டு அட்டைகளை வாங்கி வரச் செய்து, அவற்றின் நடுவில் இறக்கையை வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றினாய். காலையில் கல்லைத் தூக்கினால் இறக்கை நேராகியிருந்தது. ஆனால் புடவைக்கரை நெய்கிற அந்த அட்டையில் வரிசையாக ஓட்டை உண்டல்லவா? அந்த ஓட்டைகளெல்லாம் இறக்கையில் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிட்டன. நான் அழ ஆரம்பித்தேன். நீ அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "அழாதடி, நெஜ பிளேன்லயும் இப்பிடித்தான் வரிசையா ரிவெட்டு ஆணி இருக்கும். இன்னா, அதுல மாங்கா டிசைன் இருக்காது." சைக்கிளுக்கு அடிக்கிற பெயிண்டைக் கடைத்தெருவில் வாங்கி அன்றே அடித்தோம். ஏர்போர்ஸ் அடையாளமான காவி, வெள்ளை, பச்சை வட்டத்தை நான்தான் போட்டேன். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

மிச்சம் இருந்தது பைலட். சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பொம்மை. அம்மா என்னைக் கண்ணால் கூப்பிட்டு, "அவன உள்ள வெச்சு ஒட்டிடு. பாக்கறவங்க தானா புரிஞ்சிக்குவாங்க" என்றாள். நானும் ஒட்டினேன். மீசைகூட வரைந்தேன், உன் மீசையேதான். மேலே கண்ணாடி மூடியை வைக்க வந்த நீ அதைப் பார்த்தாய். இடுக்கியை எடுத்து, பசை காய்வதற்குள் பொம்மையைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தாய். "அது நான் இல்ல மல்லிகா" என்றாய். நீ அப்போது கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டாய். அந்த நிமிஷம் நான் அம்மா பக்கத்திலிருந்து உன் பக்கம் வந்தேன். என் கல்யாணம் போனால் போகிறது என்று தோன்றிவிட்டது.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் மூவரும் கண்ணமங்கலம் பஸ் ஏறினோம். பட்டுப்புடவைப் பெட்டியில் பஞ்சு வைத்து, அதில் விமானம். வழியெல்லாம் நான் மடியில் வைத்திருந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியவள்தான். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்ததும் அண்ணியின் அப்பா குழந்தை மாதிரி குனிந்து பார்த்தார். மூக்கைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இதுல நீங்க எங்க குந்துவீங்க மாப்ள?"

நீ விமானத்தைக் கையில் எடுத்தாய். அப்படியே மல்லாக்கத் திருப்பினாய். சக்கரம் மடங்கி உள்ளே போகிற பள்ளத்தில் விரலை வைத்தாய்.

"நான் குந்தறதில்லீங்க. இங்க, இதுங்கடியில படுத்துக்கினு இருப்பேன். நான் பைலட்டு இல்ல. மெக்கானிக். எங்க வீட்ல தப்பா சொல்லிட்டாங்க."

அவர் முகம் கறுத்துப் போயிற்று. "ஊரு பூரா சொல்லிட்டேனே, இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். அம்மா தலை குனிந்திருந்தாள். பிறகு அவரே மனசு கேட்காமல், "சரி, சக்கரத்த நீங்க சரியா பாக்கலன்னா இன்னா ஆவும்?" என்றார்.

"பிளேன் தரையில எறங்கசொல்ல ஆள் உயிரோட எறங்கமாட்டாருங்க. அதனாலதான் நான் பாத்துட்டு மொதல்ல கையெழுத்து போடணும். நான் போடலன்னா பைலட்டு ஏறவே மாட்டாரு."

அப்போதுதான் உள்ளே இருந்து அண்ணி வாசற்படி வரைக்கும் வந்தார். "பொய் சொன்னது யாரோ, நெஜம் சொன்னது இவரு. நான் இவரத்தானப்பா கட்டிக்கப் போறேன்?" என்றார். கல்யாணப் பெண் பேசுகிற பேச்சா அது! எனக்கு எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. நிச்சயம் அதே தேதியில் நடந்தது. உன் கல்யாணம் முடிந்து, அடுத்த தை மாதம் எனக்கும் நடந்தது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். உன் வருஷத் திதிக்கு நினைவு அட்டை அடிக்க மாமா, உன் மாமனார்தான், ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரியிலேயே 'விமானி சேகர்' என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, அன்னிக்கி உங்க வீட்ல எங்கண்ணன் இன்னா சொன்னாரு?"

"மறக்கலம்மா. போயிட்ட புள்ளைக்கு ஒரு பெருமை வேணாமா? செல்விகூட இஸ்கூல்ல எங்கப்பா பைலட்டுன்னுதான் சொல்லிக்கினு கீது" என்று சொல்லிவிட்டு அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். அழுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் செல்வியும் அப்படிச் சொல்கிறாள் என்பதை அப்படியே விட எனக்கு மனசில்லை.

அன்று சாயங்காலமே அவளை அழைத்துவந்து, பீரோ மேலிருந்து விமானத்தை இறக்கினேன். அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். என் ஊசிநூல் டப்பாவைக் கிளறி அந்தப் பொம்மையையும் கண்டுபிடித்துவிட்டாள். "மீசை எங்கப்பா மாதிரியே கீது அத்தே. இவர உள்ள வெச்சிடலாமா?" என்றாள்.

அண்ணா, ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்பா இல்லாத குழந்தை. ஒரு சொட்டுப் பசை. யாருக்கு என்ன நஷ்டம்? நீ இருந்திருந்தால் இடுக்கியோடு வந்திருப்பாய். இல்லையே, என்ன செய்ய?

நான் விமானத்தை மல்லாக்கத் திருப்பினேன். "உங்கப்பா எடம் இதுடி" என்று சக்கரத்தைத் தொட்டேன். தொட்டதும் அது கழன்று கையோடு வந்துவிட்டது. பசை பழசு. செல்வி அழ வாயெடுத்தாள். "ஐயே, இதுக்கா அழறே? உங்கப்பா வேலையே இதுதான்டி. வா, ரெண்டு பேருமா பாக்கலாம்" என்றேன். அவள் இடுக்கியைப் பிடித்தாள், நான் பசை தொட்டேன். காய்கிற வரைக்கும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தோம். கையெழுத்து விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன்.

மறுநாள் அவள் தாத்தாவிடம் போய், "எங்கப்பா கையெழுத்து போடலன்னா பைலட்டு ஏறவே முடியாது, தெரியுமா தாத்தா?" என்று மிரட்டியிருக்கிறாள். மாமா அந்தத் தாளை மறுபடி கொண்டுவந்தார். 'விமானி'யை அடித்துவிட்டு, 'விமான மெக்கானிக்' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். நாளைக்கு எல்லோர் கையிலும் அந்த அட்டைதான் இருக்கும்.

என் வாக்கு இது. நான் இருக்கிற வரைக்கும் உன்னை யாரும் அந்தச் சீட்டில் உட்காரவைக்க முடியாது. அம்மா கேட்டாலும் சரி, மாமா அழுதாலும் சரி, எனக்கே ஆசை வந்தாலும் சரி. சக்கரத்தை மாசாமாசம் நானும் செல்வியும் பார்ப்போம். இன்றைக்கும் பார்த்தோம். மூன்றும் உறுதியாக இருக்கின்றன, சுற்றுகின்றன. பார்த்தவர் கையெழுத்து வேண்டுமே? நீ இல்லாததால் நான் போடுகிறேன்.

பார்த்தேன். சரியாக இருக்கிறது.

உன் தங்கச்சி,
மல்லிகா
ஆரணி