முதுகில் வந்த அப்பா

நாகானோ,
ஆகஸ்ட் 14

அன்புள்ள இபுகி,

இங்கே நான் கோபத்துக்குக் குறைவில்லாமல் நலமாக இருக்கிறேன். டொரான்டோவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று, செத்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகை தொடங்கியது. உன் அப்பா செத்தபின் வீட்டுக்கு வரும் முதல் ஓபோன். உயிரோடு இருந்தபோதே அந்த மனுஷருக்கு வழி தெரியாது, ஸ்டேஷனில் இறங்கி எதிர்த்திசையில் நடப்பவர், அதனால் வரவேற்பு நெருப்பைப் பெரிதாகவே மூட்டினேன், பிர்ச் மரப்பட்டை ஒரு கட்டு முழுக்க. அவர் ஏறிச் சீக்கிரம் வர, வெள்ளரிக்காய்க்குக் குச்சிக்கால் வைத்துக் குதிரையும் செய்திருந்தேன். பட்டை பற்றியதுதான் தாமதம், தெருச் சங்கத் தலைவர் குராமோச்சி வாளியோடு வந்துவிட்டார். "அக்கா, சுற்றறிக்கை பாக்கலையா? இந்த வருஷம் தெருவுல நெருப்பு கிடையாது, துணியெல்லாம் புகை நாறுதுன்னு புதுசா வந்தவங்க சொல்றாங்க" என்றபடியே தண்ணீரை ஊற்றிவிட்டார். இருபது வருடம் உன் அப்பாவோடு ஷோகி சதுரங்கம் ஆடி, என் கை ஊறுகாயைத் தின்றவர்! துணி நாறுமாம். பாதி வழியில் நிற்கும் மனிதர் என்ன ஆவார்? அதைத்தான் கேட்டேன், தெருவே கேட்கும்படி கேட்டேன். அதற்கு அவர், "அதான் உங்க பையன் பேட்டரி விளக்கு அனுப்பியிருக்கானே, அத வைங்க, புத்திசாலிப் புள்ள" என்றார். பார்சல் வந்த அன்று அவரிடம் பெருமையாகக் காட்டியது என் தப்பு.

வேறு வழியில்லாமல் பழைய முறைப்படி அவரை அழைத்து வரக் கல்லறைக்கே போனேன். குனிந்து, "ஏறிக்கோங்க" என்று சொல்லி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தேன். என் முழங்கால் உனக்குத் தெரியும். நாற்பது வருடம் சுமந்தது போதாதா என்று வழியெல்லாம் அவரைத் திட்டினேன், திட்டும்போதே அழுதும் விட்டேன். தெருமுனையில் குராமோச்சி என்னைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முதுகைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். அதற்காக மன்னித்துவிடுவேனா? பதினாறாம் தேதி வழியனுப்பும் நெருப்பையும் வாசலில்தான் மூட்டுவேன், வாளியோடு வந்து பார்க்கட்டும்.

லீவு கிடைக்கவில்லை என்றாய். அவரைத் திட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, பாதிக் கோபம் உன்மேல்.

நேரத்துக்குத் தூங்கு. என் ஆசியும், உள்ளே உட்கார்ந்திருக்கும் உன் அப்பாவின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த ஆகஸ்டில் விளக்கு அனுப்பாதே, உன் முதுகைக் கொண்டு வா.

இப்படிக்கு,
அம்மா ஹரூயோ