கருப்புப் பெட்டை

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் கோழிக்கூண்டைத் திறந்தேன். புதுக் குஞ்சுகள். எல்லாம் வெள்ளையும் மங்கிய சாம்பலும். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

சித்தார்த் சொல்லியிருந்தான்: “புள்ளிச் சேவல் மட்டும் இருந்தா பத்தாதும்மா. வெள்ளைப் பெட்டையோட வுட்டா நிச்சயமில்ல. நல்ல கருப்புப் பெட்டை வேணும். அப்பதான் பாதிக் குஞ்சாவது வெள்ளை மேல மை தெளிச்ச மாதிரி வரும்.”

மார்ச்சில் அந்தக் கருப்புப் பெட்டையை வாங்கத்தான் பைக்கில் சிதம்பரம் கிளம்பினான். ஆலப்பாக்கம் தாண்டவில்லை.

ஆகஸ்ட் 14

மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் அவன் கூப்பிடுகிற சத்தம். ‘பா பா’ என்று கூப்பிட மாட்டான். நாக்கை அண்ணத்தில் தட்டுவான். இந்தச் சில்க்கிக் கோழிகள் பஞ்சு உருண்டை மாதிரி உருண்டு வரும்.

அதே சத்தம்தான். மிஷினை விட்டுவிட்டு ஓடினேன். யாருமில்லை. கோழிகள் எல்லாம் பின்கேட்டோரம் கூடி நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆகஸ்ட் 16

இன்றும் கேட்டது. போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 20

பக்கத்து வீட்டுப் பவானியிடம் சொன்னேன். “எல்லாம் மனசுதான் அக்கா. கொஞ்ச நாள் தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு வாங்க” என்றாள்.

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். பையன் பேச்சை எடுத்தாலே இப்படித்தான்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? பிடித்தால்தான் என்ன — அவன் சத்தம் கேட்கிறதே.

ஆகஸ்ட் 29

சிதம்பரத்திலிருந்து கோழி வளர்க்கிற மணவாளன் போன் செய்தார். “தம்பி சொல்லி வச்ச கருப்புப் பெட்டை இன்னும் எங்கிட்டதாம்மா இருக்குது. நெறைய பேர் கேட்டாங்க. குடுக்க மனசு வரல.”

வீட்டுக்காரரிடம் சொன்னதற்குக் கத்தினார். “எம் புள்ளயக் கொன்ன கோழி. அது இந்த வாசல மிதிக்கக் கூடாது!”

செப்டம்பர் 5

எப்படி எழுதுவது.

மத்தியானம் மறுபடி அந்தச் சத்தம். இந்த முறை செருப்புப் போடாமல், பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப் போனேன். பின்கேட்டுக்கு வெளியே அவருடைய மொபெட் நின்றது. அவர் வேலை பார்க்கிற பண்ருட்டி முந்திரிக் கம்பெனியில் அது சாப்பாட்டு நேரம். மனுஷன் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பிக்குள் விரலை விட்டு, நாக்கைத் தட்டிக்கொண்டிருக்கிறார். புள்ளிச் சேவல் அவர் விரலைக் கொத்திக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“அவன மாதிரி கூப்ட்டா வருதான்னு பாத்தேன், ராஜி. வருது.”

அப்புறம் அழுதார். அடக்கம் பண்ணிய அன்றுகூட அழாதவர். “கோழி மேய்க்கவாடா உன்னப் படிக்க வச்சேன்னு கேட்டேன். அதான் அவங்கிட்ட நான் பேசின கடைசிப் பேச்சு.”

எனக்குத் தெரியும். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்படியானால் இத்தனை நாள் வந்தது அவன் இல்லை. நெஞ்சு லேசாக வேண்டாமா? மறுபடி ஒருமுறை பறிகொடுத்த மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 15

அவரே சொன்னார்: “கெளம்பு. போய் வாங்கிட்டு வந்துடலாம்.”

பஸ்ஸில் போனோம். ஆலப்பாக்கம் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. ஒரு புளியமரம், ஒரு டீக்கடை, வெயில். அவ்வளவுதான் அந்த இடம்.

திரும்பும்போது கூடை என் மடியில். கோழி அசையவே இல்லை. கூடை மேல் வைத்த கையை அவர் வழியெல்லாம் எடுக்கவில்லை.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மழை. மெழுகுவர்த்தி நிற்கவில்லை, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜெபம் முடிந்ததும் அவர் குனிந்து, “கருப்பு இட்ட முட்டை அடையில இருக்குடா” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

விடிந்ததும் கூப்பிட்டார். அடைக்கோழியின் இறக்கைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. கருப்பு, கருப்பு, அப்புறம் ஒரு வெள்ளை — முதுகில் மூன்று நான்கு கருப்புப் பொட்டு. அதன் பின்னால் இன்னொன்று.

அவன் சொன்ன மாதிரியே.

அவர் ஒரு பொட்டுக் குஞ்சை உள்ளங்கையில் வைத்துப் போனில் படம் எடுத்தார். யாருக்கோ அனுப்பினார். மணவாளனுக்கு என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் மேலே சித்தார்த் பெயர். ஒற்றை டிக் விழுந்திருந்தது.

“போன் ஆஃப்ல இருக்குது போல” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.